குழாய் கட்டுகிறவர்கள்

விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் இன்னாசி தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி ஏறியிருந்தான். முதுகில் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று கயிற்றில் தொங்கியது. ஒவ்வொரு படிக்கும் அதன் அகன்ற வாய் இரும்பில் இடித்து முனகியது. கடலிலிருந்து வந்த உப்பும் எண்ணூர் அனல் நிலையத்திலிருந்து வந்த சாம்பலும் பனியில் குழைந்து ஏணிப் படிகளை வழுக்கலாக்கியிருந்தன. உச்சிக்குப் போனதும் இடுப்பில் சுற்றியிருந்த நார்க்கயிற்றை அவிழ்த்து, தொட்டியின் கைப்பிடிக் கம்பியோடு குழாயைச் சேர்த்து இறுக்கினான். கயிறு உள்ளங்கையை அறுத்தது.

கையை விரித்துப் பார்த்தான். காய்ப்புகள் கரைந்துபோயிருந்தன. வேலையில்லாத கை இவ்வளவு சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"இன்னா, மேல ஜெபம் பண்ணிகினு கீறியா?" கீழிருந்து எத்திராஜ் கத்தினான். "ஒயரை வுடு நைனா. கை வலிக்குது."

எத்திராஜும் அவனைப் போலக் குழாய் கட்டுகிறவன்தான். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். மைக் வேலை இல்லாத நாட்களில் அண்ணனோடு கட்டுமரத்தில் போய்விடுவான். அவனுக்குக் கடல் இருந்தது. இன்னாசிக்கு அதுவும் இல்லை.

எர்ணாவூருக்கு அப்பால், சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. எண்ணெய் பீப்பாய் செய்கிற இடம். டிரம் கம்பெனி என்றால் எல்லோருக்கும் தெரியும். வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று புதுத் துணி கட்டியிருந்தார்கள். பாதுகாப்பு வாரமாம். வாரம் முழுக்கப் பாட்டு வைக்க வேண்டும் என்று இராயபுரத்து லூயிஸ் சவுண்ட் சர்வீஸில் சொல்லியிருந்தார்கள். குழாய்களை உள்ளே பட்டறைப் பக்கம் திருப்பலாமா என்று இன்னாசி கேட்டபோது லேபர் ஆபீசர் தலையசைத்தார்.

"உள்ளே வேண்டாம்ப்பா. எல்லாம் கேட்டைப் பார்க்கட்டும்."

இன்னாசி காரணம் கேட்கவில்லை. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பகலில் திரும்பிவிடும். பகல் காற்றை மனதில் வைத்து நாலு குழாய்களையும் சற்றே கவிழ்த்துத் திருப்பினான். சத்தம் தலைக்கு மேல் ஓடிவிடாமல் வாசலில் நிற்பவர்களின் மேலேயே விழ வேண்டும். அப்படி விழும் என்று தெரிந்தபோது, வெகு நாட்களுக்குப் பிறகு அவனுக்குள் ஏதோ ஒன்று அமைதியாயிற்று.

தேர்தல் மாதத்தில் தூங்க நேரமிருந்ததில்லை. வாடகைக் கார், ரிக்‌ஷா, மாட்டு வண்டி என்று எதன் மேலாவது குழாயைக் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் அலைந்தார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் எல்லாக் குழாய்களும் லூயிஸின் கடைக்குத் திரும்பி, ஒன்றின் வாய்க்குள் ஒன்றாக அடுக்கப்பட்டன. பிறகு அசையவில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், பாட்டு கிடையாது. இந்துக்களுக்குப் பங்குனி, கல்யாணம் அபூர்வம். பள்ளிக்கூடங்களில் பரீட்சை, போலீஸ் மைக்குக்கு அனுமதி தராது.

குழாய்தான் லூயிஸுடையது. ஆள் யாருடையவனும் இல்லை. கல்மண்டபத்து டீக்கடை பெஞ்சில் எல்லாக் கடைக்கும் பொதுவான கைகள் உட்கார்ந்திருக்கும். முதலாளி வந்து விரலை நீட்டினால் எழுந்து போக வேண்டும். யாரும் வராத நாட்களில் இன்னாசி துறைமுக வாசலுக்குப் போய் நின்றான். அங்கே மூட்டை தூக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். கூட்ஸ் ஷெட்டில் ஒருவன் அவனுடைய தோளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்து அனுப்பினான். தெருவில் பழுதான ரேடியோக்களைத் திருத்தி, காசுக்குப் பதில் மீன் வாங்கி வந்தான். மற்றபடி நடந்தான். வீட்டிலிருந்து தண்டவாளம் வரை, தண்டவாளத்திலிருந்து வீடு வரை.

சும்மா இருப்பதில் அவனுக்குப் பொறுக்க முடியாதது மௌனம்தான். சத்தத்திலேயே வாழ்ந்த காது, சத்தம் இல்லாதபோது தானாகவே ஒரு இரைச்சலை உண்டாக்கிக்கொண்டது. ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு முன்னால் வரும் அந்த வெறும் உறுமல். பாட்டு வரவே வராத உறுமல்.

அந்த நிலையில்தான் லூயிஸ் விரலை நீட்டினார்.

"தவக்காலத்துல எவனுக்கும் வேலை இல்ல. உனக்குத் தரேன். வாரம் பூரா ஒயுங்கா முடிச்சுக் குடு. சித்திரைக் கல்யாணம் எல்லாம் உனக்குத்தான்டா. இல்ல, சித்திரையிலயும் பெஞ்சுலயே குந்திகினு இரு."

சித்திரையிலிருந்து ஆனி வரை உள்ள கல்யாணங்கள் தவறினால் ஆடித் திருவிழா வரை ஒன்றும் இல்லை. இன்னாசி எழுந்து போனான்.

*

பகல் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. முதல் ஷிப்ட் வெளியே வர, இரண்டாவது ஷிப்ட் உள்ளே போகக் காத்திருந்தது. ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்ட் பிளேயரும் வாசலுக்குப் பக்கத்து வராந்தாவில் இருந்தன. லேபர் ஆபீசர் வந்து பக்கத்தில் நின்றார். கட்டைவிரலை மேலே உயர்த்தினார். இன்னாசி சத்தத்தை ஏற்றினான். பக்திப் பாட்டு ஒன்று கடல் காற்றில் ஏறி அப்படியே வாசலில் கொட்டியது.

வாசலுக்கு வெளியே ஒருவன் கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் ஏறி நின்றான். கையை நீட்டினான். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல் கூட வரவில்லை. சுற்றி நின்றவர்கள் காதைக் கையால் குவித்துக்கொண்டு நெருங்கினார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னாசிக்கு அவனைத் தெரிந்தது. ஜெயவேல். விம்கோ நகரில் அவன் வீட்டை ஒட்டிய சுவர்க்காரன், இந்தக் கம்பெனியின் சங்கத்து ஆள்.

"நைனா," எத்திராஜ் அவன் காதருகே வந்தான். "இது பாதுகாப்பு வாரம் இல்ல. அவன் பேச்ச அமுக்கத்தான் நம்பள இட்டாந்து கீறாங்க. கொஞ்சம் கொறையேன்."

இன்னாசியின் கை ஆம்ப்ளிஃபயர் குமிழின் மேல் இருந்தது. லேபர் ஆபீசர் மறுபடியும் கட்டைவிரலை உயர்த்தினார். சித்திரை என்ற சொல் இன்னாசியின் தலைக்குள் ஒருமுறை ஓடியது. கை குமிழை மேலே திருப்பியது. பீப்பாய் மேல் நின்றவன் கொஞ்ச நேரம் வாயை அசைத்துவிட்டு இறங்கினான். கூட்டம் கலைந்தது.

நல்ல வேலை என்று லேபர் ஆபீசர் சொன்னார்.

*

மாலையில் ஜெயவேல் இன்னாசியின் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான். சண்டை போடுவான் என்று இன்னாசி எதிர்பார்த்தான். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். உள்ளே இன்னாசியின் மனைவி ரோசி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவள். விரல் நுனிகளில் முள் குத்தின புள்ளிகள். ஜெயவேல் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தான்.

"சூப்பரா கட்டிக்கிற மாமு," என்றான் ஜெயவேல். "ஒரு வார்த்த வெளிய வரல. நான் பேசுனது எனக்கே கேக்கல."

"எனக்குத் தெரியாதுடா. பாதுகாப்பு வாரம்னு சொன்னாங்க."

"காலைல தெரியாது. ரெண்டு மணிக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

இன்னாசி உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைத் தேய்த்தான்.

"பிரஸ் மெஷினுக்கு முன்னால ஒரு மூடி இருந்திச்சு," என்றான் ஜெயவேல், யாருக்கோ சொல்வது போல. "கை உள்ள போனா மூடி தள்ளி வுட்ரும். தகடு வைக்க லேட் ஆவுதுன்னு மூடிய கயட்டிட்டானுங்க. சிலுவைமுத்துவோட நாலு விரலு போச்சு. இப்ப கம்பெனிக்காரன் இன்னா சொல்றான்? அவனே தூங்கிகினு கைய வுட்டானாம். மூடிய மாட்டு, அப்பறம் மெஷின ஓட்டறோம். அவ்ளோதான் நாங்க கேக்கறது. ரெண்டு ஷிப்டும் சேந்து கேக்கணும். சேர்றதுக்கு அந்த ரெண்டு மணி ஒண்ணுதான் கீது. அத்தயும் நீ எடுத்துக்கின."

ரோசி விளக்கைக் கீழே வைத்தாள். "இவரு போவலைன்னா இன்னொருத்தன் ஏறுவான் ஜெயவேலு. கல்மண்டபத்துல எத்தினி பேரு பட்டினியா குந்திகினு கீறான். இவரு சித்திரைய வுட்டுட்டு வந்தா, குழாய் கத்தாம இருந்துருமா?"

அது உண்மை. உண்மை என்பதால்தான் ஜெயவேல் எழுந்தான். படியிறங்கித் திரும்பி நின்றான்.

"எங்கப்பன் பொணம் போவ சொல்லோ இந்தத் தெரு முக்குல ஒரு கல்யாணம். நீதான் மைக்கு. அந்த மாப்ள வூட்டான் குதிச்சான். நீ பாட்ட நிறுத்திட்டு, குழாய் வாயில சாக்கப் போட்டு மூடுன. நான் மறக்கல மாமு. செத்தவனுக்கு நிறுத்துவ. உசுரோட கீறவனுக்கு நிறுத்த மாட்ட."

அவன் போய்விட்டான். ரோசி இன்னாசியின் முகத்தைப் பார்த்தாள். சோற்றை வைத்தாள். அவன் சாப்பிடாமல் எழுந்து தண்டவாளம் வரை நடந்தான்.

பிணம் போகும்போது பாட்டை நிறுத்துவது குழாய் கட்டுகிறவர்களின் வழக்கம். யார் வீட்டு விசேஷமானாலும் நிறுத்துவார்கள். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. ஒருவன் சாக்குப் போட்டு மூடியதை, அவன் எடுக்கும் வரை வேறு கை தொடாது. முதலாளி சொன்னாலும் தொடாது. தொட்டவனுக்கு அந்த பெஞ்சில் இடம் இல்லை. எழுதாத சட்டம். பிணத்துக்காக மட்டும் வைத்திருந்த சட்டம்.

*

மறுநாள் விடியலில் அவன் கம்பெனிக்குப் போகவில்லை. கல்மண்டபத்துக்குப் போனான். பெஞ்சில் வழக்கமான முகங்கள். நேற்று நடந்ததைச் சொன்னான். தான் குமிழைத் திருப்பியதையும் சொன்னான்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் சாக்குப் போடப் போறேன்," என்றான். "லூயிசண்ணன் இங்க வருவாரு, வேற கை தேடிகினு. அத்த சொல்லத்தான் வந்தேன்."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். சவரிநாதன் என்பவன்தான் முதலில் பேசினான். குழாய் கட்டுவதில் மூத்தவன், வாயும் பெரிது.

"பொணம் எங்க கீது இன்னாசி? பொணத்துக்குத்தான் சாக்கு. சங்கத்துக்காரன் பேசறதுக்கெல்லாம் சாக்குப் போட்டா, அப்பறம் மாமியா தும்முனாலும் சாக்குப் போடுவ."

சிலர் சிரித்தார்கள்.

"நாலு விரலு கீது," என்றான் இன்னாசி. "போதலைன்னா சொல்லு. அந்த மூடி இல்லாத மெஷினுக்கு முன்னால இன்னிக்கும் ஒருத்தன் நிக்கிறான். முழுப் பொணம் வேணும்னா கொஞ்சம் காத்துகினு இரு."

சிரிப்பு நின்றது. சவரிநாதன் டீ கிளாசைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"உனக்கு ரோசி சம்பாரிக்குது. என் வூட்ல நான் ஒருத்தன்தான்."

"தெரியும் சவரி. நான் உன்ன வேல செய்யாதன்னு சொல்லல. நான் மூடுனத தொடாதன்னுதான் சொல்றேன்."

யாரும் சரி என்று சொல்லவில்லை. யாரும் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னாசி அந்த மௌனத்தைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் ஏறினான். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவனுக்குப் பிடிபடவில்லை.

*

காலை முழுவதும் பாட்டு ஓடியது. கடல் காற்று திரும்பியபோது இன்னாசி ரெக்கார்ட் மேலிருந்த ஊசியைத் தூக்கினான். தோளில் சாக்குப் பையோடு தொட்டி மேல் ஏறினான். குழாய்க்குப் பின்னால் திருகியிருக்கும் யூனிட்தான் அதன் உயிர். அது இல்லாவிட்டால் குழாய் வெறும் தகரம். நாலு யூனிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். சாக்குக்குள் துணி வைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கினான். மிச்சச் சாக்குகளைக் குழாய்களின் வாயில் கட்டினான்.

அவன் இறங்கியபோது எத்திராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னையும் சேத்து சொல்லிக்க நைனா. எனக்காச்சும் கட்டுமரம் கீது."

லேபர் ஆபீசர் டெலிபோனுக்கு ஓடினார்.

சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் லூயிஸின் டாக்ஸி வந்து நின்றது. அவர் தனியாக இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கடா யூனிட்டு?"

இன்னாசி சாக்கை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தான். "பத்திரமா கீதுண்ணே. எண்ணிப் பாத்துக்க. ஒண்ணும் ஒடையல."

"மேல ஏறி மாட்டு."

"இன்னிக்கு மாட்ட மாட்டேன்."

"வேல இல்லாம நாய் மாரி சுத்திகினு இருந்த. இட்டாந்து சோறு போட்டேன். அதுக்கு இதாடா?"

"சோறு நீ போடலண்ணே. ஏறிக் கட்டுனேன், அதுக்குக் குடுத்த."

"தேவமாதா கோயிலுக்கு நீயும் வர, நானும் வரேன். தவக்காலத்துல பாவம் சேக்காத. என் பேரு கெட்டுப் போவும். இந்தக் கம்பெனி வருசா வருசம் கூப்புடும்."

"அந்த மெஷின் இப்படியே ஓடுனா வருசா வருசம் பாதுகாப்பு வாரம் வரத்தான் செய்யும்," என்றான் எத்திராஜ்.

லூயிஸ் அவனைப் பார்க்கவில்லை. தொட்டியை அண்ணாந்து பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் ஏறியவர்தான். இப்போது அவருடைய வயிறு முதல் படியைத் தாண்டாது. அது அவருக்கும் தெரியும், அங்கே நின்றவர்களுக்கும் தெரியும்.

"கல்மண்டபத்துல ஆள் இல்லியா?" என்று லேபர் ஆபீசர் கேட்டார்.

லூயிஸ் சாக்கை மறு கைக்கு மாற்றினார். "இருக்கானுங்க," என்றார். "நான் விரல நீட்டுனேன். ஒருத்தனும் எயுந்திருக்கல."

இன்னாசி நிமிர்ந்தான். வாசலைப் பார்த்தான். சாலையின் மறுபக்கத்தில் பஸ் நின்று போனது. அதிலிருந்து இறங்கியவர்களில் சவரிநாதன் இருந்தான். அவனுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்த இன்னும் சிலர். அவர்கள் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, தொழிலாளிகளோடு சேராமலும் விலகாமலும் நின்றார்கள்.

"சித்திரைக்கு என் கடைப் பக்கம் உன் நிழல் வரக்கூடாது," என்றார் லூயிஸ்.

சவரிநாதனுக்கு அது கேட்டது. அங்கிருந்தே சொன்னான்: "அப்ப சித்திரைக்கு நீயே ஏறிக்க முதலாளி. ஏணிய வேணும்னா நான் புடிச்சுக்கறேன்."

*

சங்கு ஊதியது. ஜெயவேல் பீப்பாய் மேல் ஏறினான். தொட்டி மேல் நாலு குழாய்களும் முகத்தை மூடிக்கொண்டு நின்றன. அவன் அதைப் பார்த்தான். இன்னாசியைப் பார்க்கவில்லை. பேசத் தொடங்கினான்.

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். வருஷக்கணக்காகத் தகடு அடிக்கும் சத்தத்தில் நின்றவர்கள் அவர்கள். பக்கத்தில் பேசினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். சாலையில் லாரிகள் வேறு. "இன்னா சொல்றான்?" என்று ஒருவன் கேட்டான். "தெர்ல" என்றான் இன்னொருவன். ஓரத்தில் நின்றவர்கள் மெல்ல நகரத் தொடங்கினார்கள்.

பாட்டை நிறுத்தினால் போதும் என்று இன்னாசி நினைத்திருந்தான். போதவில்லை. அவன் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு புது மைதானத்துக்குப் போனால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. தலைகள் எத்தனை என்று அவன் பார்ப்பதில்லை. சத்தம் எங்கே விழும், எங்கே சாகும் என்றுதான் பார்ப்பான்.

"எத்திராஜு, அந்த வெளக்குக் கம்பத்தாண்ட நில்லு. சவரி, நீ டீக்கடைக்குப் போ. மத்தவங்க அப்பால, புங்க மரம் வரைக்கும். கம்பம் வுட்டுக் கம்பம் குழாய் கட்டுவோமே, அதே தூரம்."

"இன்னாத்துக்கு?"

"நான் சொல்றத எத்திராஜு சொல்லட்டும். அவன் சொல்றத நீ சொல்லு. மொகத்த ஜனங்க பாக்கறா மாரி நில்லு. அவங்களுக்கு உதடு தெரியணும்."

அவன் பீப்பாய்க்கு அருகில் போய் நின்றான். "ஜெயவேலு, ஒரு வரி சொல்லு. நிறுத்து. நான் கைய காட்டுனா அடுத்தது."

ஜெயவேல் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தான். "சிலுவைமுத்து தூங்கல," என்றான்.

இன்னாசி வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் மைக்குக்கு முன்னால் அவன் 'ஹலோ, ஹலோ' தவிர வேறொன்றும் சொன்னதில்லை. மூச்சை இழுத்தான்.

"சிலுவைமுத்து தூங்கல."

கம்பத்தடியில் எத்திராஜ் அதை வாங்கினான். டீக்கடையில் சவரிநாதன் வாங்கி, "சிலுவைமுத்து தூங்கல, இந்தக் கம்பெனிக்காரன்தான் குறட்டை வுடறான்" என்றான். கூட்டம் சிரித்தது. "சேத்துச் சொல்லாதடா, கீறத சொல்லு" என்று எத்திராஜ் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள். நகர்ந்தவர்கள் திரும்பி நின்றார்கள்.

"மூடிய கயட்டுனது அவன் இல்ல."

"மூடிய கயட்டுனது அவன் இல்ல."

வரி சாலையோரமாகப் போயிற்று. ஒவ்வொரு குரலிலும் கொஞ்சம் மாறி, கரகரத்து, ஆனாலும் உடையாமல் போயிற்று. உள்ளே போகவேண்டிய இரண்டாவது ஷிப்ட் உள்ளே போகாமல் நின்றது. வாட்ச்மேன் வாசற்கதவைப் பாதி மூடிவிட்டு, மீதியை மூடலாமா என்று ஆபீஸ் பக்கம் பார்த்தான். யாரோ போலீசுக்குப் போன் பண்ணியாகிவிட்டது என்றார்கள். லூயிஸ் சாக்கை மார்போடு அணைத்தபடி டாக்ஸி அருகே நின்றிருந்தார். ஏறவும் இல்லை, போகவும் இல்லை.

அப்போது எதிர்பாராதது ஒன்று நடந்தது. புங்க மரத்தடியிலிருந்து குரல்கள் திரும்பி வரத் தொடங்கின. டீக்கடை, கம்பம் என்று ஒவ்வொரு வாயாகத் தாண்டி ஏதோ ஒன்று வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னாசி திகைத்தான். அவன் கட்டிய எந்தக் குழாயும் திரும்பிப் பேசியதில்லை.

"மரத்தாண்ட சிலுவைமுத்து வந்து குந்தினு கீறான்," என்றான் எத்திராஜ். "அவன் சொல்லி அனுப்பிக்கிறான்."

"இன்னா சொல்றான்?"

எத்திராஜ் சொன்னான். சவரிநாதன் அதில் எதையும் சேர்த்திருக்கவில்லை.

இன்னாசி பீப்பாய் மேல் நின்றவனை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் உதடு தெரியும்படி நின்று, தொண்டை கிழியச் சொன்னான்:

"எனக்காக கேக்காதீங்க. எனக்குப் போனது போச்சு. இன்னிக்கு அந்த மெஷினாண்ட நிக்கப் போறவன் யாரு, அவனுக்காக கேளுங்க."

இரண்டாவது ஷிப்ட் வரிசையில் ஒருவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு வரிசையை விட்டு விலகி, பீப்பாய்ப் பக்கம் வந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் வந்தான். அப்புறம் வரிசை என்று ஒன்று அங்கே இல்லை.

பாதி மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் மெஷின்கள் காத்துக்கிடந்தன. தூரத்தில் திருவொற்றியூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. இன்னாசி எச்சிலைக் கூட்டி விழுங்கினான். தொண்டை எரிந்தது. கம்பத்தடியிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் ஜெயவேலுக்குக் கையைக் காட்டினான்.

"அடுத்தத சொல்லு."